கிளிமூர் தோட்டத்தின் நன்றி அறிவிப்பு

கோலா சிலாங்கூர் பஸ் நிலையத்துக்கு எதிரில் என் வாப்பா விட்டுப்போன சாப்பாட்டுக் கடையை நான் நடத்திவந்தேன். யாராவது என்ன தொழில் என்று கேட்டால் மட்டும் கடையைச் சொல்ல மாட்டேன். "பத்திரிகையில் இருக்கிறேன்" என்பேன். கேட்டவர் என் கையிலிருக்கும் குழம்புக் கரண்டியைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் போய்விடுவார்.

பொய்யும் இல்லை. கோலாலம்பூரிலிருந்து வந்துகொண்டிருந்த 'தினச்சங்கு' நாளேட்டுக்கு எங்கள் வட்டாரத்தில் நான்தான் நிருபர். சம்பளம் கிடையாது. அச்சான செய்தியின் நீளத்தைப் பார்த்து ஏதோ அனுப்புவார்கள். அது என் ஸ்கூட்டரின் எண்ணெய்க்கே காணாது. பத்திரிகையின் ஏஜெண்டும் நானே. காலை பஸ்ஸில் வந்திறங்கும் கட்டைப் பிரித்துக் கடைகளுக்கும் தோட்டங்களுக்கும் அனுப்புவேன். விளம்பரம் பிடித்துக்கொடுத்தால் கமிஷன் உண்டு. திருமண வாழ்த்து, மரண அறிவிப்பு, கருமாதி அழைப்பு, நன்றி அறிவிப்பு என்று வருகிறவர்களை, அங்குலம் அளந்து காசு வாங்கும் என் மனைவி அஜீஸாவிடம் அனுப்பிவிடுவேன். எழுதுகிற கை அங்குலக்கோல் பிடிப்பதா என்று எனக்கு ஒரு எண்ணம். உண்மையில் எங்கள் வீட்டு அரிசி அந்த அங்குலக்கோலிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

ஸ்கூட்டரின் முன்னால் 'பிரஸ்' என்று சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்தேன். கடைக்கு மீன் கொண்டுவருகிற சீனர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, எதைப் பிரஸ் பண்ணவேண்டும், பொத்தானைக் காணோமே என்று மலாயில் கேட்டார்.

நான் எழுதியதெல்லாம் கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, சங்கங்களின் ஆண்டுக் கூட்டம். ஆனாலும் என்றைக்காவது ஒரு பெரிய உண்மை என்னைத் தேடி வரும், அன்றைக்கு நாடு என்னைத் திரும்பிப் பார்க்கும் என்று நம்பியிருந்தேன். உண்மை வந்தது. எண்பத்தைந்தாம் ஆண்டு, தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, மத்தியானக் கூட்டம் கடையில் நெருக்கியடித்த நேரத்தில், கையில் ஒரு கஞ்சித் தூக்குடன் வந்து நின்றது.

அவள் பெயர் நாகமணி. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவள், அங்கேயே லயத்து வரிசை வீட்டில் இருக்கிறவள். அந்தத் தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் கிளென்மோர். நம் ஆட்கள் வாயில் அது எப்போதோ கிளிமூர் ஆகிவிட்டது.

"பாய், நீங்கதானே பேப்பர்ல எழுதுறது?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். அப்போது நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டதாக அஜீஸா பிற்பாடு சொன்னாள்.

"எங்க லயத்துல தண்ணி கறுப்பா வருது. பிள்ளைங்க பூரா வாந்தி பேதி. எம்மவ கங்கா ஆஸ்பத்திரியில கெடக்குறா. வேலை வாங்குற மண்டோர்கிட்ட சொன்னோம், ஆபீஸ் கிராணிகிட்ட சொன்னோம். ரெண்டு நாள்ல தெளிஞ்சிரும்ங்கிறாங்க. ஒரு வாரமாச்சு. நீங்க வந்து பாருங்களேன்."

கடையை அஜீஸாவிடம் விட்டுவிட்டுக் கேமராவோடு கிளம்பினேன். மகளுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு மாலை பஸ்ஸில் வருவதாக நாகமணி சொன்னாள். நான் போய்ச் சேர்ந்தபோது அவளும் வந்துவிட்டிருந்தாள். நடுவில் என் ஸ்கூட்டர் ஒருமுறை நின்றுவிட்டது.

பார்க்க வேண்டியதை விளக்க யாரும் தேவைப்படவில்லை. தோட்டத்து எண்ணெய் ஆலைக்குப் பின்னால் கழிவைத் தேக்கி வைக்கிற குளம் ஒன்று இருந்தது. மழையில் அதன் கரை உடைந்து, கழிவு முழுக்க ஓடையில் இறங்கியிருந்தது. அந்த ஓடையில்தான் பம்பு வைத்து லயத்துத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். ஓடை முழுக்கக் கறுப்பு. மேலே பழுப்பு நுரை. ஓரமெல்லாம் கெளுத்தி மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. புளித்த மாவில் எண்ணெய் ஊற்றிக் காய்ச்சினாற்போல ஒரு நாற்றம். லயத்துக் குழாயைத் திறந்தார்கள். முதலில் இருமிற்று, பிறகு காப்பி மாதிரி வடிந்தது. அதைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

படம் எடுத்தேன். பிறகு குறிப்பேட்டைத் திறந்து, நாகமணியின் பக்கத்து வீட்டுக்காரி வள்ளியம்மாவிடம், "இதனால் தாங்கள் அடைந்த இன்னல்கள் எத்தகையவை?" என்று கேட்டேன்.

வள்ளியம்மா நாகமணியைப் பார்த்தாள். "என்னா கேக்குறாரு?"

"வயித்தால போச்சான்னு கேக்குறாரு."

"அதக் கேக்கவா இம்புட்டு தூரம் வந்தாரு?" என்றாள் வள்ளியம்மா. ஆனாலும் எல்லாவற்றையும் சொன்னாள். யார் வீட்டில் எத்தனை பிள்ளைகள் படுத்திருக்கின்றன, யார் முதலில் படுத்தது என்று ஒவ்வொரு வீடாகக் கூட்டிப்போய்க் காட்டினாள். கங்காவைத் தோட்டத்து வண்டியில் ஏற்றிப்போக அனுமதி கிடைக்காமல், குலை ஏற்றுகிற லோரிக்காரன் வாசு தன் லோரியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். அதற்காக அவனுக்கு அன்றைய கூலி இல்லையாம்.

மறுநாள் முழுக்க எழுதினேன். 'கறுப்புத் தண்ணீர் குடிக்கும் கிளிமூர் மக்கள், கேட்பார் யார்?' என்று தலைப்பு வைத்தேன். நடுவில் 'ஐயகோ' என்ற சொல்லை இரண்டு இடத்தில் போட்டிருந்தேன். அஜீஸா ஒன்றை அடிக்கச் சொன்னாள். படச்சுருளையும் சேர்த்து உறையில் போட்டு, கோலாலம்பூர் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன். அத்தோடு நின்றிருக்கலாம். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "நாளைக் கழிச்சு பேப்பரைப் பாருங்க லா, ஒரு தோட்டமே ஆடப் போகுது" என்றேன். கிளிமூருக்கு வழக்கமாகப் போகும் கட்டோடு இன்னொரு கட்டும் வேண்டுமென்று பத்திரிகைக்குத் தொலைபேசியில் சொன்னேன். பெரிய செய்தி வருகிறது என்று நானே எனக்குச் செய்துகொண்ட விளம்பரம் அது. அதற்குக் கமிஷன் இல்லை.

பேப்பர் வந்தது. மூன்றாம் பக்கத்தில் பெரிதாகப் படமும் இருந்தது. ஆனால் அது நான் எடுத்த படமில்லை. தோட்டத்து மேனேஜர் ஒரு பிள்ளையின் கையில் பால்மாவு டின் கொடுக்கிறார். பக்கத்தில் காளியண்ணன் அந்தப் பிள்ளையின் தலையைத் தொட்டுக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். காளியண்ணன் அந்த வட்டாரத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக்கொடுக்கும் குத்தகைக்காரர். கோயில் தலைவரும் அவர்தான், கட்சிக் கிளைத் தலைவரும் அவர்தான். படத்துக்கு மேலே, 'கிளிமூர் தோட்டத்தில் சுகாதார முகாம். நிர்வாகத்தின் பரிவுக்கு மக்கள் பாராட்டு' என்று தலைப்பு. கீழே, 'நமது நிருபர் கிஃபாயத்துல்லா'.

செய்தியை மூன்று தடவை படித்தேன். நான் எழுதிய வரிகளில் ஒன்றே ஒன்று தப்பியிருந்தது. 'கிளிமூர் தோட்டம் கோலா சிலாங்கூருக்கு அருகில் உள்ளது.'

நான் கூடுதலாக வரவழைத்த கட்டும் வீணாகவில்லை. காலை ஒன்பது மணிக்கே காளியண்ணனின் ஆள் வந்து மொத்தமாக வாங்கிக்கொண்டு போனான். வீட்டுக்கு ஒரு பேப்பர் இலவசமாகக் கொடுக்கப் போகிறார்களாம்.

பத்திரிகைக்குப் போன் போட்டேன். செய்தி ஆசிரியர் சுப்பிரமணியம் எடுத்தார். எப்போது பேசினாலும் பல் வலிக்காரர் மாதிரி மெதுவாகப் பேசுவார்.

"சார், என் செய்தி என்ன ஆச்சு?"

"வந்திருக்கே பாய். மூணாம் பக்கம், மேல. இன்னும் என்ன எடம் வேணும் உங்களுக்கு?"

"நான் எழுதினது அது இல்ல சார்."

"தோட்டம் வந்துச்சா? வந்துச்சு. சுகாதாரம் வந்துச்சா? வந்துச்சு. உங்க பேரு வந்துச்சா?"

என் பெயர் வந்திருந்தது என்னவோ உண்மைதான். போனை வைத்துவிட்டேன்.

அன்றே ராஜினாமா செய்வதென்று முடிவெடுத்தேன். போனில் செய்தால் அதற்கு மதிப்பு இருக்காது. நல்ல பூப்போட்ட பாத்தேக் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் கோலாலம்பூருக்குப் போனேன். வழிநெடுக என்ன பேசுவது என்று சொல்லிப் பார்த்தேன். புக்கிட் ரோத்தான் வரும்போது கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மா எழுந்து வேறு இருக்கைக்குப் போனார்.

சுப்பிரமணியம் என்னை உட்கார வைத்து டீ வரவழைத்தார். நான் தொடங்குமுன் அவரே சொன்னார்.

"பாய், நீங்க எழுதினத முழுசாப் படிச்சேன். படத்தையும் பார்த்தேன். நல்லா இருந்துச்சு. ஒரு 'ஐயகோ'வ மட்டும் எடுத்திருப்பேன்."

"அப்புறம் ஏன் சார்?"

"உங்க உறை வந்து சேர்றதுக்கு முன்னாலயே காளியண்ணன் போன் வந்திருச்சு. கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்களாமே." அவர் என்னைக் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை, அதனால் இன்னும் சுருக்கென்றது. "அவர் போன் பண்ணி அரை மணி நேரத்துல அந்தக் கம்பெனியோட தலைமை ஆபீஸ்ல இருந்து போன். மிரட்டல் இல்ல. தீபாவளி மலர்ல முழுப் பக்க வாழ்த்து குடுக்குறோம்ல, அதுக்கு வண்ணம் போட முடியுமான்னு கேட்டாங்க. அவ்வளவுதான். முதலாளி என்னைக் கூப்பிட்டு, கிளிமூர்ல என்னமோ முகாம் நடக்குதாமே, போட்டுருங்கன்னாரு. இந்த வருசம் அச்சு லைசென்ஸ் வேற புதுப்பிக்கணும். கீழ மெஷின்ல எத்தனை குடும்பம் சாப்பிடுது தெரியுமா?"

என் பையில் ராஜினாமா இருந்தது. எடுத்திருக்க வேண்டிய இடம் அதுதான். நான் டீயைக் குடித்தேன்.

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு புதிய அடையாள அட்டையை எடுத்தார். "உங்களுக்கு மனசு வருத்தம்னு தெரியும். முதலாளிகிட்ட பேசிட்டேன். இனிமே நீங்க வட சிலாங்கூர் சிறப்பு நிருபர்."

'சிறப்பு' என்ற சொல் தங்க எழுத்தில் இருந்தது. நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பார்த்தால் என்ன தப்பு என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டே படியிறங்கினேன். பஸ் சுங்கை பூலோவைத் தாண்டிய பிறகுதான் நான் எதற்குப் போனேன் என்பது நினைவுக்கு வந்தது.

அஜீஸா வாசலிலேயே கேட்டாள். "ராஜினாமா குடுத்துட்டீங்களா மச்சான்?"

அட்டையைக் காட்டினேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பெரிய வேலைதான் பார்த்துட்டு வந்திருக்கீங்க. பஸ் காசு போக மீதி இருந்தா குடுங்க, தேங்காய் வாங்கணும்."

கிளிமூர்ப் பக்கம் போகாமல் இரண்டு வாரம் ஓட்டினேன். தோட்டத்து ஆட்கள் கடைக்கு வருவது நின்றிருந்தது. பஸ்ஸைவிட்டு இறங்கினால் எதிரில் இருக்கும் என் கடையை விட்டுவிட்டு, வெயிலில் நடந்து சீனர் கடையில் போய்க் காப்பி குடித்தார்கள்.

பிறகு ஒருநாள் நாகமணி வந்தாள். கூடவே கங்கா, ஆறு வயது, வயிறு ஒட்டிப்போய்க் கண் மட்டும் பெரிதாக இருந்தாள். ஆனால் நடந்து வந்தாள். நான் எழுந்து முன்னால் போனேன். நாகமணி என்னைத் தாண்டிப் போய் அஜீஸாவிடம் நின்றாள்.

"அக்கா, நன்றி சொல்லி ஒரு விளம்பரம் போடணும். மகளப் பொழைக்க வச்ச மிஸ்ஸிக்கும், லோரிக்கார வாசுவுக்கும்."

ஆஸ்பத்திரித் தாதியரை எங்கள் பக்கம் மிஸ்ஸி என்றுதான் சொல்வார்கள். அதற்குள் நான் குறிப்பேட்டோடு வந்துவிட்டேன். "செய்தியாவே போட்டுரலாமே அம்மா. இப்ப நான் சிறப்பு நிருபர்."

"உங்க செய்தி வேணாம் பாய்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "காசு குடுத்துப் போடுறது. அப்பத்தானே நாம சொன்னது நாம சொன்னபடி வரும்?"

"ஆமா" என்றாள் அஜீஸா. "விளம்பரத்த அங்க யாரும் படிக்க மாட்டாங்க. அளந்து பார்த்துட்டு அச்சுக்கு அனுப்பிருவாங்க."

எழுதுகிற வேலை மட்டும் எனக்கு வந்தது. 'எங்கள் அன்பு மகள் கங்கா உடல்நலக் குறைவால்' என்று தொடங்கினேன்.

"உடல்நலக் குறைவு இல்ல. வாந்தி பேதி."

"விளம்பரத்துல அப்படி எழுத மாட்டாங்கம்மா."

"அப்படி எழுதலேன்னா எந்தப் பிள்ளைன்னு மிஸ்ஸிக்கு எப்படித் தெரியும்? அந்தக் கட்டில்ல எத்தனையோ பிள்ளைங்க படுத்திருக்கும். எதுனால வந்துச்சுன்னும் போடுங்க. அத அவங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க, எனக்கு அவங்க பாஷையில சொல்லத் தெரியல."

நான் பேனாவை வைத்தேன். வார்த்தை கூடினால் செலவும் கூடும் என்றேன். அது அவள் மேல் உள்ள அக்கறை இல்லை. தங்க எழுத்து அட்டையின் மேல் உள்ள அக்கறை. அவளுக்குப் புரிந்ததோ என்னவோ, "லயத்துல எல்லாரும் சேர்ந்துதான் போடுறோம். அவங்கவங்க பிள்ளை பேரும் வரணும்ங்கிறாங்க" என்றாள்.

கடைசியில் அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். இப்படி வந்தது:

'நன்றி. கிளிமூர் தோட்டம் இரண்டாம் லயத்தில் வசிக்கும் செல்லன், நாகமணி ஆகியோரின் மகள் கங்கா, மில்லின் கழிவுக் குளம் உடைந்து ஓடையில் கலந்து, அந்தத் தண்ணீர் எங்கள் குழாயில் கறுப்பாக வந்து, அதைக் குடித்ததால் வாந்தி பேதி கண்டு, ஆஸ்பத்திரியில் இருந்து கடவுள் புண்ணியத்தில் வீடு திரும்பினாள். தோட்டத்து வண்டி கிடைக்காதபோது தன் லோரியில் ஏற்றிச் சென்ற வாசு அவர்களுக்கும், பெற்ற பிள்ளைபோல் பார்த்துக்கொண்ட மிஸ்ஸி ஹலீமா அவர்களுக்கும் எங்கள் நன்றி. அதே தண்ணீரைக் குடித்துப் படுத்து எழுந்த மற்றப் பிள்ளைகளின் பெயர்கள் கீழே. தண்ணீர் இன்னும் கறுப்பாகத்தான் வருகிறது. ஆகையால் எங்கள் பிள்ளைகள் மறுபடியும் வந்தால் முன்போலவே அன்பாகப் பார்த்துக்கொள்ளுமாறு மிஸ்ஸி அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். இப்படிக்கு, இரண்டாம் லயத்துப் பெற்றோர்.'

கீழே பெயர்கள். ஒரு பள்ளிக்கூட வகுப்பே இருந்தது.

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடலாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். "மிஸ்ஸிகிட்ட சொல்லி வைக்கிறதுல என்ன பாய் தப்பு?" என்று அவள் கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். தந்திரம் எதுவும் இல்லை. மறுபடியும் வயிற்றுப்போக்கு வரும், மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருக்கும் என்று அவள் நிஜமாகவே கணக்குப் போட்டிருந்தாள். அஜீஸா அங்குலக்கோலால் அளந்து ரசீது போட்டாள்.

அது தீபாவளி மலரில் வந்தது. வலப்பக்கம் முழுக்க வண்ணத்தில் கம்பெனியின் வாழ்த்து. குத்துவிளக்குக்குப் பக்கத்தில் மேனேஜர் கைகூப்பிக்கொண்டிருந்தார். இடப்பக்கம், மேனேஜரின் முழங்கைக்கு நேராக, கங்காவின் சின்னப் படமும் நாகமணி சொன்ன வார்த்தைகளும், ஒரு புள்ளி மாறாமல். வழக்கமான தீபாவளிப் பட்டாசு பற்றிய எச்சரிக்கையை எழுதியிருந்த சிறப்பு நிருபரின் பெயர் பதினோராம் பக்கத்தில் இருந்தது.

செய்தியைப் படிக்காதவர்கள்கூட மரண அறிவிப்பையும் நன்றி அறிவிப்பையும் படிப்பார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மிஸ்ஸி ஹலீமாவுக்குத் தமிழ் தெரியாது. கூட வேலை செய்த தமிழ்ப் பெண் படித்துச் சொல்ல, அவர் அதை டாக்டரிடம் காட்டினார். டாக்டர் மாவட்டச் சுகாதார அதிகாரிக்குப் போன் போட்டார். தீபாவளி விடுமுறை முடிந்த முதல் நாளே கிளிமூரில் ஒரு ஜீப் போய் நின்றது. போத்தல் போத்தலாகத் தண்ணீர் எடுத்தார்கள். அடுத்த நாள் மலாய்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் போனார்.

காளியண்ணன் என் கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"சிரிச்சுக்கிட்டே கழுத்தறுத்துட்டீங்களே பாய். செய்தியில விட மாட்டேன்னதும் விளம்பரத்துல புகுந்துட்டீங்க. உங்க மண்டைக்குள்ள இம்புட்டு வெசம் இருக்கும்னு நான் நெனைக்கல."

நான் அதை எழுதாமல் இருக்க என்னென்ன பாடுபட்டேன் என்பதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பெரிய மனிதர் என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறார். அதை எப்படிக் கையை விட்டு விடுவது? "பத்திரிகை தர்மம்னு ஒண்ணு இருக்கு அண்ணே" என்றேன். அடுப்படியில் அஜீஸா இருமினாள்.

பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர் கை குலுக்கினார். சீனர் கடைக்குப் போயிருந்த தோட்டத்து ஆட்கள் திரும்பி வந்தார்கள். "நம்ம பாய் மூளையே மூளை" என்று என் காதுபடவே பேசினார்கள். இரண்டு மூன்று நாள் நான் தரையில் நடக்கவில்லை. பிறகு சுப்பிரமணியம் கூப்பிட்டார்.

"பாய், முதலாளி குதிக்கிறாரு. யார் விட்டதுன்னு விசாரணை."

"நான் இல்ல சார். சத்தியமா இல்ல. அந்தக் கடைசி வாக்கியத்த எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன்." இத்தனை நாளாகத் தூக்கிச் சுமந்த தர்மத்தை அரை நிமிடத்தில் இறக்கி வைத்துவிட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "பக்கம் கட்டும்போது நான் பார்த்தேன். முழுசாப் படிச்சேன். விளம்பரம் என்னோட இலாகா இல்லன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். இத யார்கிட்டயும் சொல்லாதீங்க."

ஆக, வீரர்கள் நாங்கள் இரண்டு பேர். ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார், ஒருவர் கெஞ்சிக்கொண்டிருந்தார். நடுவில் விளம்பரம் அதுபாட்டுக்குப் போய் அச்சேறிவிட்டது.

கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. அரைப் பக்கத்துக்கு 'விளக்கம்' என்று விளம்பரம் கொடுத்தது. தண்ணீரில் எந்தக் கெடுதலும் இல்லை என்று முதல் பத்தியும், கழிவுக் குளத்தின் கரை உடனே பலப்படுத்தப்படும், லயத்துக்கு அரசாங்கக் குழாய் இழுக்கப்படும் என்று இரண்டாவது பத்தியும் சொன்னன. அச்சில் வந்துவிட்டதால், சுகாதார இலாகா அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டு, எப்போது என்று கேட்கத் தொடங்கிவிட்டது. மறுவாரமே தண்ணீர் லோரி வந்தது.

இதைப் பார்த்து மற்ற இடங்களிலிருந்தும் நன்றி பெருகியது. ரவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து, தங்கள் வீட்டுக் கூரை ஓராண்டாக ஒழுகியபோது படுக்க இடம் கொடுத்த அண்டை வீட்டாருக்கு நன்றி. சுங்கை பஞ்சாங்கிலிருந்து, பாலம் இல்லாததால் மாப்பிள்ளையைத் தோளில் தூக்கி வாய்க்காலைக் கடக்க உதவிய நண்பர்களுக்கு நன்றி. விளம்பரப் பகுதிக்காரர்கள் சந்தோஷத்தில் இருந்தார்கள். ஒரு மாதம் கழித்துப் புதிய உத்தரவு வந்தது: நன்றி அறிவிப்புகளில் நன்றியைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது, எல்லாம் முதலாளியின் பார்வைக்குப் போன பிறகே அச்சுக்குப் போகும்.

கூடவே எனக்கும் ஓர் உத்தரவு. சிறப்பு நிருபர் பதவி ரத்து, சாதாரண நிருபர் பதவியும் ரத்து. ஏஜெண்டாகத் தொடரலாம். என் இடத்துக்குக் காளியண்ணனின் மச்சினன் வந்தான். நல்ல பையன்தான். பெயர்களைப் பிழையில்லாமல் எழுதுவான்.

குழாய்த் தண்ணீர் திறப்பு விழாவுக்கு என்னை யாரும் அழைக்கவில்லை. பேப்பர் கட்டைக் கொண்டுபோகிற சாக்கில் போனேன். கூடாரம் போட்டிருந்தார்கள். மேனேஜர் பேசினார். காளியண்ணன் இந்தத் தண்ணீருக்காகத் தான் இரவு பகலாகப் போராடியதை விவரித்தபோது குரல் தழுதழுத்தது. மேடைக்கு எதிரே நாகமணியும் செல்லனும் வள்ளியம்மாவும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். புதிய நிருபர் படம் எடுத்தான். நாடாவை வெட்டிக் குழாயைத் திறந்தார்கள். கொஞ்சம் செந்நிறமாக வந்து, பிறகு தெளிந்தது. பிள்ளைகள் மேடையைக் கவனிக்காமல் குழாயடிக்கு ஓடினார்கள். கங்கா இரண்டு கையிலும் ஏந்தி முகத்தைக் கழுவினாள்.

நான் கூட்டத்தின் ஓரமாக நின்றுகொண்டு, இதை நான் எழுதினால் எப்படித் தொடங்குவேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாக்கியம் தயாராகிவிட்டது.

"பாய், சும்மாதானே நிக்கிறீங்க" என்று நாகமணி கூப்பிட்டாள். "இந்த வாளியக் கொஞ்சம் தூக்கிட்டு வாங்க. அந்தக் கடைசி வீட்டு ஆயாவுக்கு. அவங்களால இங்க வர முடியாது."

தூக்கினேன். நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. பாதித் தண்ணீர் என் காற்சட்டையில் கொட்டியது. மீதியைக் கடைசி வீட்டு வாசலில் வைத்தேன். எட்டிப் பார்த்த கிழவி, வாளி நிறைய இல்லையே, இன்னொரு நடை போய் வா தம்பி என்றாள். போனேன்.